கோட்டை பேண்டுக்குப் பாட்டுக் கட்டிய திருவாரூர்க்காரர்

மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது. முன்னால் பேண்டு வாத்தியம். சிவப்புச் சட்டை, தோளில் ஜரிகைப் பட்டை. டிரம் அதிர்கிறது. கிளாரினெட் சினிமாப் பாட்டு வாசிக்கிறது. தெருக் குழந்தைகள் எல்லாம் வாசலுக்கு ஓடி வருகிறார்கள்.

மன்னார்குடி, கூத்தாநல்லூர், திருவாரூர் வட்டாரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் யார்?

இந்த பேண்டு எப்போது இந்த மண்ணுக்கு வந்தது?

"சினிமா வந்த பிறகு வந்திருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தமிழில் பேசும் படம் வந்தது 1931-ம் ஆண்டில். அதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே, தஞ்சாவூர் அரண்மனையில் வெள்ளைக்காரர் பாணி பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது!

அதுமட்டுமா? அத்தகைய பேண்டு மெட்டுகளுக்குத் திருவாரூர்க்காரர் ஒருவர் பாட்டும் கட்டினார். ஒன்று, இரண்டு அல்ல. சுமார் 40 பாட்டு!

அந்தப் பாட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால், பெரிய கச்சேரிகளில் அவற்றைக் கேட்பது அபூர்வம்.

பின்னல் கோலாட்டம்

"சிம்பொனி", "ஆர்க்கெஸ்ட்ரா" என்ற சொற்களை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இளையராஜா லண்டனில் சிம்பொனி நடத்திய பிறகு, டீக்கடையில் கூட அந்தப் பேச்சு அடிபட்டது. சிம்பொனி என்றால் என்ன?

வயலில் பெண்கள் நடவு நடும்போது பாடுவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் அதே மெட்டைத் திருப்பிப் பாடுவார்கள். 20 பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். நம் சங்கீதத்தின் வழி அது. பாட்டுக்காரர் பாடுவதையே பிடிலும் தொடர்ந்து வாசிக்கும்.

வெள்ளைக்காரர் வழி வேறு. அதற்குப் பின்னல் கோலாட்டத்தை உவமையாகச் சொல்லலாம். ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு கயிறு. ஒருத்தி உள்ளே போகிறாள். இன்னொருத்தி வெளியே வருகிறாள். ஒவ்வொருத்தியும் போகிற வழி வேறு. ஆனாலும், மேலே பார்த்தால் அழகான ஒரே பின்னல்!

அதுபோல, பிடில்கள் ஒரு மெட்டு வாசிக்கும். புல்லாங்குழல் இன்னொன்று வாசிக்கும். ஊதுகொம்புகள் கீழே நின்று தாங்கும். எல்லாம் சேர்ந்து ஒன்றாகக் காதில் விழும். இப்படி 80 பேர், 100 பேர் கூடி வாசிக்கும் கூட்டத்துக்குப் பெயர் ஆர்க்கெஸ்ட்ரா. அதற்காக எழுதப்படும் நீண்ட இசைக்குப் பெயர் சிம்பொனி. பெரும்பாலும் அதில் நான்கு பகுதிகள் இருக்கும். எல்லாம் காகிதத்தில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியதை மாற்றக் கூடாது. நடுவில் ஒருவர் சிறு கோலைப் பிடித்து நடத்துவார்.

பேண்டு இதற்குத் தம்பி முறை. ஊதும் வாத்தியமும் அடிக்கும் வாத்தியமும் மட்டும் கொண்டது. பட்டாளத்தோடு நடந்துகொண்டே வாசிக்க வேண்டும் அல்லவா? அதனால் நரம்பு வாத்தியங்களை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு முதலில் வந்தவன் தம்பிதான். அவன் பட்டாளத்தோடு வந்தான்.

ராஜ்யம் போனது, சங்கீதம் நின்றது

தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சரபோஜி 1798-ம் ஆண்டில் பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே, 1799 அக்டோபரில், கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை. நாட்டு நிர்வாகம் முழுவதும் வெள்ளைக்காரர் கைக்குப் போயிற்று. ராஜாவுக்குத் தஞ்சாவூர்க் கோட்டையும், ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நிலவரி வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின.

வேறு ராஜாவாக இருந்தால் வேட்டையிலும் விருந்திலும் காலத்தைக் கழித்திருப்பார். சரபோஜி அப்படிச் செய்யவில்லை. புத்தகம் வாங்கினார். ஏட்டுச் சுவடிகளைச் சேர்த்தார். வைத்தியம் படித்தார். 1826-ம் ஆண்டில் அவரைச் சந்தித்த ஹீபர் என்ற ஆங்கிலப் பாதிரியார், ராஜா ஐரோப்பிய விஞ்ஞானிகளின் பெயர்களைச் சரளமாகச் சொல்வதைக் கேட்டு அசந்துபோனார்.

சரபோஜியின் இளம் வயதில் அவரைப் பாதுகாத்துப் படிக்க வைத்தவர் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார். அதனால் ஐரோப்பிய சங்கீதமும் ராஜாவுக்குப் புதிதல்ல. அரண்மனையில் ஐரோப்பிய வாத்தியங்கள் இடம்பெற்றன. பேண்டு ஏற்பட்டது. அந்தக் காலத்தில் சேர்த்த ஐரோப்பிய இசைக் குறிப்புகள் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

சரபோஜியின் சபையில் வராகப்ப ஐயர் என்று ஒரு பெரிய அதிகாரி இருந்தார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ராஜாவின் காரியமாக அவர் சென்னைக் கவர்னரைப் பார்க்கப் போனார். அங்கே கவர்னரின் பேண்டு வாத்தியங்கள் இருந்தன. ஒரு பிடிலை எடுத்து அவர்கள் மெட்டையே வாசித்துக் காட்டினார். கவர்னருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பிடிலையும் பியானோவையும் பரிசாகக் கொடுத்து அனுப்பினாராம்.

கதை எவ்வளவு தூரம் உண்மையோ, தஞ்சை அரண்மனையில் பிடில் புகுந்தது உண்மை.

மணலியில் கேட்ட மெட்டு

இனி, பாட்டுக் கட்டிய திருவாரூர்க்காரரைப் பார்க்கலாம். அவர் வேறு யாரும் அல்ல. முத்துசாமி தீட்சிதர்தான்!

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். திருவாரூரில் 1775-ம் ஆண்டில் பிறந்தவர். கனமான ராகங்களில் கோயில் கோயிலாகக் கீர்த்தனை பாடியவர். "தீட்சிதர் பாட்டா? அது யானை நடை" என்று சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். அந்த யானை, பட்டாள நடையும் நடந்து காட்டியது என்பது பலருக்குத் தெரியாது.

தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதர். அவரும் பெரிய வித்வான். சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் இருந்த முதலியார் குடும்பத்தார் அவரைக் குடும்பத்தோடு அழைத்துப் போய் ஆதரித்தார்கள். மூன்று பிள்ளைகள்: முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி.

மணலி வெங்கடகிருஷ்ண முதலியார் கம்பெனிக்குத் துபாஷாக இருந்தார். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவில் நின்று பேசி, காரியம் முடித்துக் கொடுப்பவர். அந்தச் செல்வாக்கால் சென்னைக் கோட்டைக்கு அவர் தாராளமாகப் போய் வரலாம். தீட்சிதர் பிள்ளைகளையும் அழைத்துப் போனார். கோட்டையில் பட்டாளத்து பேண்டு முழங்கியது. பிள்ளைகள் வியந்து கேட்டார்கள்.

கடைக்குட்டி பாலுசாமிக்குப் பிடில்மேல் ஆசை விழுந்தது. முதலியார் தாமே ஏற்பாடு செய்து, ஒரு ஐரோப்பிய வித்வானிடம் சேர்த்துவிட்டார். மூன்று ஆண்டு பாடம். அதன்பிறகு பாலுசாமி அந்தப் பிடிலில் நம் ராகங்களை வாசித்தார். வெள்ளைக்காரர் நின்றுகொண்டு தாடையில் வைத்து வாசிப்பார்கள். நம்மவர் அதைச் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள்! மார்பிலும் காலிலும் தாங்கிக்கொண்டால், இடது கை தாராளமாக வழுக்கி ஓடும். கமகம் வரும்.

பாலுசாமி பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். 1858-ம் ஆண்டில் காலமானார்.

இந்த இடத்தில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் நால்வரில் இளையவரான வடிவேலு. தீட்சிதரின் சீடர். பிடிலில் புகழ் பெற்றவர். திருவாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் அவருக்கு 1834-ம் ஆண்டில் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தார். வடிவேலுக்குப் பிடில் கற்றுக்கொடுத்தது ஸ்வார்ட்ஸ் பாதிரியார் என்று சிலர் எழுதிவருகிறார்கள். பாதிரியார் இறந்தது 1798-ம் ஆண்டில். வடிவேலு பிறந்தது 1810-ம் ஆண்டில். பிறகு எப்படிக் கற்றுக்கொடுப்பார்? பெரியவர்கள் புத்தகத்திலும் இப்படிப் புளுகு புகுந்துவிடுவது உண்டு.

யாரைக் காப்பாற்ற?

தம்பி பிடிலை எடுத்தார். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் மெட்டை எடுத்தார்.

கோட்டை பேண்டு வாசித்த ஆங்கில மெட்டுகள், அயர்லாந்து ஆட்ட மெட்டுகள், பிரெஞ்சு மெட்டுகள் எல்லாம் அவர் காதில் பதிந்திருந்தன. பட்டாளத்தில் அயர்லாந்துக்காரர் பலர் இருந்தார்கள். அவர்கள் ஊர்ப் பாட்டும் அவர்களோடு கப்பல் ஏறி வந்தது. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார் தீட்சிதர். பிள்ளையார் மேல், முருகன் மேல், மீனாட்சி மேல்! "நோட்" என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் "நோட்டு" ஆயிற்று. பாட்டுக்கு "நோட்டுஸ்வரம்" என்று பெயர் வந்தது.

இவற்றில் மிகச் சுவையானது "சந்ததம் பாஹிமாம்" என்ற பாட்டு. அதன் மெட்டு எது தெரியுமா? இங்கிலாந்து ராஜாவின் வாழ்த்துப் பாட்டு மெட்டு!

இந்தியாவில் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிற்கவைத்துப் பாடச் சொன்ன அதே பாட்டுத்தான். "ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும்" என்பது அதன் கருத்து. தீட்சிதர் பாட்டிலும் "காப்பாற்று" என்ற வேண்டுகோள் இருக்கிறது. ஆனால் ராஜாவை அல்ல. சங்கீதத்துக்கு உரிய தேவியான சியாமளையிடம், "என்னைக் காப்பாற்று" என்று கேட்கிறார்.

மெட்டு ராஜாவுக்கு உரியது. பாட்டு தேவிக்கு உரியது. கோட்டைக்குள் போன திருவாரூர்க்காரர் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ராஜாவைக் கோட்டையிலேயே விட்டுவிட்டார்!

"பிரிட்டிஷ் கிரனடியர்ஸ்" என்ற பட்டாள நடைப் பாட்டின் மெட்டிலும் ஒரு பாட்டு இருக்கிறது. அது முருகன்மேல். தேவர்களின் சேனாபதிக்குப் பட்டாள மெட்டு! எவ்வளவு பொருத்தம்! பிள்ளையார் மேல் உள்ள "சக்தி ஸஹித கணபதிம்" என்ற பாட்டைப் பாட்டு வாத்தியார் வீடுகளில் இன்றும் சிறு பிள்ளைகள் பாடுவதைக் கேட்கலாம்.

இந்தப் பாட்டுகளில் கமகம் கிடையாது. நம் ராகத்தில் ஸ்வரம் ஊஞ்சல்போல ஆடும். நோட்டுப் பாட்டில் ஸ்வரம் படிக்கட்டுப்போல நிற்கும். ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறி இறங்க வேண்டும். சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள்தான். ஆனால் அசைவு இல்லை. சிலர் இதைப் பாடும்போது, பழக்க தோஷத்தால் குரலை ஆட்டிவிடுகிறார்கள். அப்படிப் பாடினால் நோட்டுப் பாட்டின் களை போய்விடும்.

அதே மெட்டு, வியன்னாவில்

தீட்சிதர் காலத்தில், கடலுக்கு அப்பால் வியன்னா நகரில் ஒரு சங்கீத மேதை இருந்தார். பெயர் பீத்தோவன். தீட்சிதருக்கு ஐந்து வயது மூத்தவர். காது மெல்ல மெல்லக் கேட்காமல் போன பிறகும் சிம்பொனிகள் எழுதியவர்.

அவரும் இங்கிலாந்து ராஜா மெட்டை எடுத்து வாசித்தார்!

1813-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி வியன்னாவில் ஒரு பெரிய கச்சேரி நடந்தது. போரில் காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த கச்சேரி அது. பீத்தோவனே முன்னின்று நடத்தினார். அவருடைய ஏழாவது சிம்பொனி அன்றுதான் அரங்கேறியது. அதோடு "வெலிங்டனின் வெற்றி" என்ற இன்னொரு இசையும் வாசிக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டில் வெலிங்டன் பிரபு பிரெஞ்சுப் படையை முறியடித்த சண்டையைப் பற்றியது அது. இங்கே ஒரு டிரம், அங்கே ஒரு டிரம். துப்பாக்கி வெடி ஓசை, பீரங்கி ஓசை எல்லாம் வரும். கடைசியில் இங்கிலாந்து ராஜாவின் வாழ்த்து மெட்டு ஒலிக்கும்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. அன்று அதற்குக் கிடைத்த கைதட்டல் கொஞ்சமல்ல. இன்றோ, ஏழாவது சிம்பொனியை உலகம் எங்கும் வாசிக்கிறார்கள். "வெலிங்டனின் வெற்றி"யைத் தேடித்தான் கேட்க வேண்டும்.

அந்த வெலிங்டன் யார்? ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் நம் பக்கம் வந்து, 1799-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானோடு நடந்த சண்டையில் கலந்துகொண்டவர். அவருடைய அண்ணன் அப்போது கவர்னர் ஜெனரல். சரபோஜியோடு உடன்படிக்கை ஏற்பட்டது அந்த அண்ணன் காலத்தில்தான்!

ஒரே மெட்டு. வியன்னாவில் அது ஒரு தளபதியின் வெற்றி முழக்கம். இங்கே அது தேவியின் துதி. தீட்சிதருக்குப் பீத்தோவனைத் தெரியாது. பீத்தோவனுக்குத் திருவாரூரைத் தெரியாது. இரண்டையும் ஒரே மேடையில் அடுத்தடுத்துக் கேட்டால் எப்படி இருக்கும்!

கண் மங்கிய முதலியார்

வாய்ப்பாட்டாக வந்த நோட்டுப் பாட்டுகள் அழிந்துபோகாமல் எப்படித் தப்பின?

1855-ம் ஆண்டில் தஞ்சையின் கடைசி ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி சமஸ்தானத்தைச் சேர்த்துக்கொண்டது. அரண்மனையை நம்பி இருந்த வித்வான்கள் சென்னைக்கும் திருவாங்கூருக்கும் மைசூருக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். எத்தனையோ பாட்டுகள் அவரவர் நெஞ்சோடு போயின.

அந்த நிலையில் இரண்டு பேர் முன்வந்தார்கள்.

ஒருவர் சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்தவர். கிறிஸ்தவர். சென்னை அரசாங்கக் காரியாலயத்தில் உத்தியோகம். நம் கீர்த்தனைகளை ஐரோப்பியரின் ஐந்து கோட்டுக் குறியில் எழுதிவிட்டால், உலகத்தில் யாரும் பார்த்து வாசிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1890-களில் பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டார். கைப்பணம் கரைந்தது. கண் பார்வை மங்கியது. அப்போதும் விடவில்லை.

அவர் எட்டயபுரம் போனார். அங்கே இருந்தவர் சுப்பராம தீட்சிதர். பிடில் கற்ற பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன். அவருக்கே சுவீகாரப் பிள்ளையும் ஆனவர். குடும்பத்துப் பாட்டு எல்லாம் அவரிடம் இருந்தது. "இவற்றை அச்சில் கொண்டுவர வேண்டும்" என்று முதலியார் மன்றாடினார். எட்டயபுரம் ராஜாவும் உதவினார். 1904-ம் ஆண்டில் "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்ற மாபெரும் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டில், சங்கீதம் படிக்கத் தொடங்குவோருக்காகச் சுப்பராம தீட்சிதர் இன்னொரு புத்தகம் வெளியிட்டார். அதில் 33 நோட்டுப் பாட்டுகள் ஸ்வரக் குறிப்போடு இருக்கின்றன.

கோயில் பாட்டுகள் காகிதத்தில் ஏற, ஒரு கிறிஸ்தவர் தம் கண்ணைக் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால், ஒரு சிக்கலும் நேர்ந்தது. "தொடங்குவோர் புத்தகத்தில்" வந்ததால், இவை "பிள்ளைகள் பாட்டு" ஆகிவிட்டன. பெரிய வித்வான்கள் மேடையில் தொடுவதில்லை. இது நியாயம் அல்ல. எளிதாக இருப்பதெல்லாம் சின்னது ஆகிவிடுமா?

2008-ம் ஆண்டில், அமெரிக்காவில் உள்ள தமிழ் இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன், 39 நோட்டுப் பாட்டுகளையும் சேர்த்து ஒலிப்பதிவாக வெளியிட்டார். ஐரோப்பிய வாத்தியங்களின் துணையோடு அவை ஒலித்தன. நம் பாட்டின் மேல் கட்டியிருந்த தூசியைத் தட்ட, கடல் கடந்து போன ஒருவர் வரவேண்டியிருந்தது.

சின்ன சிங்கப்பூர்

கடல் கடந்து போவது தஞ்சைச் சீமைக்குப் புதிதா? கூத்தாநல்லூரைக் கேட்டால் சொல்லும்.

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பச்சை வயல்களுக்கு மத்தியில் இருக்கிறது அந்த ஊர். இப்போது நகராட்சி. முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் சிங்கப்பூர், மலாயா, சைகோன் என்று வியாபாரத்துக்குப் போனார்கள். அதனால் "சின்ன சிங்கப்பூர்" என்ற செல்லப் பெயர்.

அந்தப் பெரிய சிங்கப்பூரில் 1979-ம் ஆண்டில் ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஏற்பட்டது. இந்திய வாத்தியங்களைக் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் 1985-ம் ஆண்டில் அங்கே தொடங்கின. கோலாலம்பூரில், இரட்டைக் கோபுரத்தின் அடியில், 1998-ம் ஆண்டில் ஓர் இசை அரங்கமே திறந்தார்கள். கடை வைத்திருக்கும் கூத்தாநல்லூர் மாமா, கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினால் சிம்பொனி கேட்டு வரலாம். ஆனால், தீட்சிதர் பிறந்த திருவாரூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, தீட்சிதர் கட்டிய பேண்டுப் பாட்டைப் பேண்டோடு கேட்க வழி இல்லை!

இதற்குப் பெரும் பணம் வேண்டுமே என்று தோன்றலாம். முழு சிம்பொனி என்றால் பணம்தான். இந்தியாவில் முழு நேர ஆர்க்கெஸ்ட்ரா வைத்து நடத்துவது லேசான காரியம் அல்ல. மும்பையில் 2006-ம் ஆண்டில் தொடங்கிய ஒன்று இருக்கிறது. சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் 2008-ம் ஆண்டில் இசைப் பள்ளி தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கும் இந்த வாத்தியங்களைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

ஆனால், நோட்டுப் பாட்டுக்கு 100 பேர் வேண்டாம். நாலு பிடில், ஒரு புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட், டிரம் போதும். இவற்றில் பாதி, கலியாண பேண்டுக்காரரிடமே இருக்கிறது! பிடிலுக்குத் திருவையாற்று அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. பாடுவதற்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

மேடை போட்டால்...

அப்படி ஒரு கச்சேரி வைத்தால் என்னென்ன வாசிக்கலாம்?

முதலில் பிள்ளையார் பாட்டு. அடுத்து முருகன் பாட்டு, பட்டாள நடையில். பிறகு ராஜா மெட்டில் தேவி பாட்டு. அதை முதலில் பிள்ளைகள் தனியாகப் பாட வேண்டும். இரண்டாம் தடவை வாத்தியங்கள் பின்னல் போட வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் காதுக்குப் புரியும்.

வெள்ளைக்காரர்கள் நம் கதைகளைக் கொண்டு எழுதிய, அதிகம் கேட்கப்படாத இசையும் இருக்கிறது. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் சமஸ்கிருதம் கற்றுக்கொண்டு, ரிக் வேதத் துதிகளுக்கு இசை அமைத்தார். "சாவித்திரி" என்று ஒரு சிறிய இசை நாடகமும் எழுதினார். எமனோடு வாதாடிக் கணவனை மீட்ட அதே சாவித்திரிதான்! கதாபாத்திரங்கள் மூன்றே பேர்: சாவித்திரி, சத்தியவான், எமன். 1916-ம் ஆண்டில் லண்டனில் அது அரங்கேறியது. காரடையான் நோன்பு நோற்கும் வீடுகளில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வியன்னாக்காரர் செம்லின்ஸ்கி, ரவீந்திரநாத் தாகூரின் ஏழு கவிதைகளை எடுத்து, பாட்டும் சிம்பொனியும் கலந்த ஒன்றை எழுதினார். 1924-ம் ஆண்டில் பிராக் நகரில் அது அரங்கேறியது. பிறகு ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி அவர் அமெரிக்கா போனார். அங்கே அவரை அறிந்தவர் குறைவு. 1942-ம் ஆண்டில் இறந்தார். அவர் இசையும் வெகுகாலம் பேசப்படாமல் கிடந்தது.

தமிழ்நாட்டுச் சரக்குக்கும் குறைவில்லை. இளையராஜா 2005-ம் ஆண்டில் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஹங்கேரி நாட்டு ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்த்து வெளியிட்டார். 1993-ம் ஆண்டில் லண்டனில் அவர் பதிவு செய்த சிம்பொனி ஒன்று ரசிகர்கள் கைக்கு வரவே இல்லை. 2025-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, "வேலியண்ட்" என்ற அவருடைய சிம்பொனி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவால் அரங்கேறியது. பண்ணைப்புரத்துப் பிள்ளை எழுதிக் கொடுத்ததை வெள்ளைக்காரர்கள் பார்த்து வாசித்தார்கள். மணலியில் பாலுசாமி பிடிலைக் கையில் எடுத்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கச்சேரியின் கடைசி உருப்படிக்கு யோசிக்கவே வேண்டாம். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த "இங்கிலீஷ் நோட்". மதுரை மணி ஐயர் அதைப் பாடினால் சபை துள்ளும். சொல் கிடையாது, வெறும் ஸ்வரம். பாட்டி முதல் பேரன் வரை தொடையில் தாளம் போடுவார்கள். அவர் மறந்தாற்போல மங்களத்துக்குப் போனாலும் கூட்டம் விடாது. "நோட்டு! நோட்டு!" என்று குரல் வரும். மணி ஐயர் சிரித்துக்கொண்டே தொடங்குவார்.